தோளுக்குப் போன விரல்கள்

1978இல் தேயிலை ஆலையின் இலை உருட்டும் இயந்திரம் நல்லுசாமியின் வலக்கையை மணிக்கட்டோடு தின்றுவிட்டது. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் இரண்டாகப் பிரிந்து மூடும் இரும்புக் கொக்கி ஒன்றைப் பொருத்தி அனுப்பினார்கள். கொக்கியிலிருந்து ஒரு கம்பி முதுகைச் சுற்றி மறுதோளின் வாரில் முடியும். தோள்களை முன்னால் குறுக்கினால் கொக்கி திறக்கும், நிமிர்ந்தால் மூடிக்கொள்ளும்.

"மூணு மாசம் டைம். இலைத் தட்டைத் தூக்கிக் காட்டினா வேலை. இல்லாட்டி லயத்து வீட்டைக் காலி பண்ணு" என்றார் தோட்ட மேனேஜரான துரை. வெள்ளைக்காரரில்லை, நம்மாள்தான், ஆனாலும் துரை துரைதான். தோட்டம் தந்த அந்த வரிசை வீட்டை விட்டால் நல்லுசாமிக்கும் அவர் மனைவி ரஞ்சிதத்துக்கும் போக்கிடம் கிடையாது.

முதல் மாதம் பார்க்கச் சகிக்கவில்லை. தோளை நினைப்பார், கம்பியை நினைப்பார், அதற்குள் தம்ளர் கவிழ்ந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கே எரிச்சலாக வரும். மூன்றாம் மாதம் மனிதர் தோளை மறந்தே போனார். பிடிக்க நினைத்தால் பிடித்தது, விட நினைத்தால் விட்டது. "விரலெல்லாம் தோளுக்குப் போயிருச்சுலா" என்று சிரித்தார்.

சோதனை நாளில் தட்டைத் தூக்கி நாலடி நடந்தார். துரை ஆலைக்குள் வந்தார். தட்டு விழுந்தது. மறுபடி தூக்கினார், துரை கிட்டே வந்ததும் மறுபடி விழுந்தது.

"நாளைக்குத்தான் கடைசி" என்றார் துரை.

சல்லடைப் பக்கம் வேலை செய்த ரஞ்சிதம்தான் கண்டுபிடித்தாள். "துரையைக் கண்டதும் கூனிக் குறுகுறீங்க. குறுகினா கொக்கி திறக்காம என்ன செய்யும்?"

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். மூன்று மாதம் கற்ற தோளை இருபது வருடம் கற்ற தோள் முந்திவிட்டது.

அன்று சாயங்காலம் ரஞ்சிதம் என் தொப்பியை மாட்டிக்கொண்டு துரையாக நின்றாள். "நிமிருங்க! நான் துரைலா!" வாளியைப் பத்துத் தடவை நழுவவிட்டு, கடைசியில் நல்லுசாமி நிமிர்ந்தே நின்றார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மறுநாள் துரையின் முகத்துக்கு நேராக நெஞ்சை நிமிர்த்தித் தட்டை ஏந்தினார். ஒரு இலைகூடச் சிந்தவில்லை. பக்கத்து இயந்திரத்தில் நின்ற நான் சந்தோஷத்தில் கைதட்டப் போனேன்.

துரை தட்டைப் பார்க்கவேயில்லை. "இவனுக்கு எப்போ இவ்வளவு திமிர் வந்துச்சு?" என்று கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டார்.

குறுகினால் தட்டு போகும், நிமிர்ந்தால் வீடு போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தை அன்றே கிராணி கொண்டுவந்தார். "நான் என்ன செய்ய, நல்லு?"

ரஞ்சிதம் ஓவென்று அழுதாள். நல்லுசாமி தோளைக் குறுக்கிக் கொக்கியைத் திறந்தார். கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அது நழுவவில்லை.