மேற்கெல்லையில் சுப்பராயலு

என் மாமியார் கங்கையம்மாளுக்குப் பிடிவாதம் அதிகம். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அதோடு மல்லுக்கட்டியவள் நான். அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

மாமியார் தலைப்பிரசவத்துக்குப் பெருங்களத்தூர்த் தாய்வீட்டுக்கு வந்தவள், கைக்குழந்தையோடு வேங்கைவாசலுக்குத் திரும்பியபோது புருஷன் சுப்பராயலு வீட்டில் இல்லை. "தன் பாகத்த எனக்கு வித்துட்டு ரங்கூனுக்குக் கப்பலேறிட்டாம்மா" என்றார் அவருடைய அண்ணன். அந்த வருஷம் ஊரில் காலரா. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. விசாரிக்கவும் ஆளில்லை. வந்த வண்டியிலேயே திரும்பினவள் பிறகு அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆளைக் காணோமென்றால் காரியம் செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் வந்தபோது, விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாளாம். அவர் வருவார் என்றால் வருவார், அவ்வளவுதான்.

அந்தக் கைக்குழந்தைதான் என் வீட்டுக்காரர் துளசிங்கம். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் பிட்டர். அப்பன் பேச்செடுத்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயர் போடும் இடத்தில்கூட அம்மா பெயரைத்தான் போட்டார்.

அவர் ரிடையரான சமயம் எங்கள் பக்கத்து வயல்களையெல்லாம் கல் நட்டு மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில்கூட பத்திரப் பேச்சுதான். அதைக் கேட்டுக் கேட்டு மாமியாருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

"தொளசி, நெலத்த வித்தாருன்னா பத்தரம் இருக்கும் இல்ல? அதுல அவரு எங்க கீறாருன்னு அட்ரஸ் எழுதியிருப்பாங்க இல்ல? பாத்துகினு வாடா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "எங்க ரெண்டு பேர எவ்ளோவுக்குத் தல முழுகினான்னு நானும் பாக்கறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அலைச்சலென்றால் அப்படி ஓர் அலைச்சல். தாம்பரத்தில் கேட்டால் பழைய வால்யூமெல்லாம் செங்கல்பட்டில் என்றார்கள். செங்கல்பட்டில் கேட்டால் நாளைக்கு வா என்றார்கள். வில்லங்கம் போட்டுப் பார்த்தார், பட்டா பார்த்தார். பட்டா மாமனாரின் அண்ணன் பெயரில் இருந்தது. சுப்பராயலு என்று ஒருவர் எதையும் விற்றதாக எங்கேயும் இல்லை. "ஓடினவன் சொவடே இல்லாம ஓடியிருக்கான்" என்று வீட்டுக்கு வந்து கத்துவார். மாமியார் காது கேட்காதவள்போல இருப்பாள். காலையில் டிபன் டப்பாவை அவளே எடுத்து அவர் கையில் கொடுப்பாள்.

ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதும் அப்பாதுரைதான் கடைசியில் ஒரு வழி சொன்னார். "வித்தவர் பேர்ல இனிமே தேடாதீங்க சார். அக்கம்பக்கத்து நெலத்து பத்திரத்த பாருங்க. நாலு எல்லை எழுதறப்போ பக்கத்து நெலம் யாருதுன்னு எழுதியே ஆகணும். அதுல எவனும் பொய் எழுத மாட்டான், அப்புறம் அவன் நெலம்தான் தகராறாவும்."

அப்படித்தான் கிடைத்தது. காலராவுக்கு அடுத்த வருஷம் பக்கத்து நிலத்துக்காரர் தன் கொல்லையை விற்றிருக்கிறார். மேற்கெல்லை என்று எழுதிய இடத்தில், 'வாந்திபேதியில் காலஞ்சென்ற சுப்பராயலுவை அடக்கம் செய்த மேடு' என்றிருந்தது.

மனுஷன் எதையும் விற்கவில்லை. கப்பலும் ஏறவில்லை. பெண்டாட்டி தாய்வீட்டில் இருக்கும்போதே செத்துப்போய், தன் நிலத்திலேயே புதைந்து கிடந்திருக்கிறார். அண்ணன்காரன் ஒரே பொய்யில் தம்பி பாகத்தையும் முழுங்கிவிட்டான். அவன் எப்போதோ போய்விட்டான். உயிரோடு இருந்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அந்த மேட்டின்மேல் இப்போது யாரோ மாடிவீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் குலுங்கிக் குலுங்கி அழுதார். "எங்கப்பன எப்படியெல்லாம் திட்டிட்டேன் தனம்." கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "அம்மாவாண்ட சொல்லாத" என்றார்.

எப்படிச் சொல்வது? எண்பது வயதில் அவள் பொட்டையும் தாலியையும் எடுக்கச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு தடவையும், இன்னும் பத்திரம் கிடைக்கவில்லை என்றே சொன்னோம். அமாவாசைக்கு அப்பனுக்கென்று ஒரு பிடி சோறு வைக்க அவர் மனசு துடிக்கும். அவள் பார்த்துவிடுவாளே என்று வைக்கமாட்டார்.

தொண்ணூற்றொன்றில் மாமியார் படுத்த படுக்கையானாள். வேறு எதுவும் கேட்பதில்லை. "அட்ரஸ் கெட்ச்சுதா?" இது ஒன்றுதான். ஒரு சாயங்காலம் அவருக்குத் தாங்கவில்லை.

"கெடச்சிடுச்சும்மா. ரங்கூனெல்லாம் போவல. இங்கதான், வேங்கைவாசல்லயே கீறாரு."

ஆறுதலாக இருக்குமென்று நினைத்தார், பாவம். பொய்யும் இல்லையே. அவள் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. எழுந்து உட்காரப் பார்த்தாள். பிறகு அப்படியே என்னைப் பார்த்தாள்.

"இங்கயேவா? இங்கயே இருந்துகினா வரல?"

அவர் பதறிப்போனார். "ஐயோ, அப்பா செத்துட்டாரும்மா. நீ பெருங்களத்தூர்ல இருந்தப்பவே காலரால செத்துட்டாரு. ஒன்ன ஏமாத்திட்டாங்க" என்று நகலைக் கொண்டுவந்து காட்டினார். நானும் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தேன். எழுத்துத் தெரியாதவள் காகிதத்தைத் தள்ளிவிட்டாள்.

"வுடுடா. என் மனசு நோவக்கூடாதுன்னு இப்ப சாவடிக்கிறியா அவர? நல்லா இருக்கட்டும். இனிமே தேடாத."

அதற்குமேல் நாங்கள் எவ்வளவு சொல்லியும் காதில் வாங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள், கூப்பிடு தூரத்தில் இருந்தும் புருஷன் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே.