எலிகள் பிழைத்த காரணம்

இல்லை, மரகதம் அம்மையார் மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. நேற்றுக் காலை அவர் மறைந்ததாகத் தந்தி வந்ததிலிருந்து எல்லோரும் இதையே கேட்கிறார்கள்.

திண்டிவனத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடம். அங்கே நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். கொசுக்கடியால் வரும் மூளைக்காய்ச்சலின் வைரஸைத் தடுக்க ஒரு ரசாயனம் தேடினார். அவரே தயாரிப்பார், எலிக்குட்டிகளிடம் சோதிப்பார். தோற்றவற்றைக் ‘கருகின குழம்பு’ என்பார்.

ஓர் ஐப்பசியில் ஒரு குழம்பு கருகவில்லை. வைரஸ் ஏற்றிய குட்டிகளில் மருந்து பெறாதவை இறந்தன. பெற்றவை பிழைத்தன. செய்தி ஊருக்குள் போய்விட்டது.

மறுமுறை சோதிக்குமுன், கெடாரிலிருந்து ஒரு தாய் காய்ச்சலில் நினைவிழந்த மகளைத் தூக்கி வந்தார்.

“எலிய பொழைக்க வச்சிக்கினு இருக்கீங்களாமே, டாக்டரம்மா. எம் பொண்ணு எலியவிடக் கேவலமா பூட்டாளா?”

கொடுத்துத்தான் பார்க்கலாமே என்றேன் நான். அம்மையார் என்னைப் பார்க்கவில்லை.

“அந்த மருந்த நானே இன்னும் நம்பலம்மா. ஜல்தியா ஜீப்புல ஏறு.”

விழுப்புரம் ஆஸ்பத்திரிவரை குழந்தையின் தலை அவர் மடியில் இருந்தது. பல நாட்கள் அங்கே தங்கினார். குழந்தை பிழைத்தது. டாக்டரம்மாவின் ரகசிய மருந்து என்றது ஊர். மறுத்து மறுத்து அலுத்தார்.

திரும்பி வந்து மறுபடி சோதித்தார். மருந்து பட்ட கை மற்றவற்றைத் தொடக்கூடாதென்று, மருந்து பெறாத குட்டிகளுக்கே முதலில் வைரஸ் ஏற்றுவது எங்கள் பழக்கம். இம்முறை கையுறை மாற்றிக்கொண்டு, வரிசையைத் திருப்பினார். மருந்து பெற்றவை இறந்தன. பெறாதவை பிழைத்தன. இரண்டு முறையும் முதல் வரிசைக்கு ஏற்றி முடிப்பதற்குள் வைரஸ் வைத்திருந்த ஐஸ் உருகி, அறை வெக்கையில் வைரஸே செத்திருந்தது; இரண்டாம் வரிசைக்குப் போனது செத்த வைரஸ். எங்கள் கவனமே எங்களை ஏமாற்றியிருந்தது.

நான் அழுதேன். அவர் சிரித்ததாக நினைவு.

அவருக்கு வேறு அஞ்சலி எழுதத் தெரியவில்லை. அன்று அவர் சொன்னதை எழுதி விடைபெறுகிறேன்.

“அன்னைக்கு ஊசி போட்டிருந்தா, அந்தப் பொண்ணு பொழைச்சது என் மருந்தாலன்னு சாகுற வரைக்கும் நம்பிக்கினு இருந்திருப்பேன்.”

பிறகு அந்த மருந்துப் புட்டியைக் காலி செய்து கழுவினார். அடுத்த ரசாயனத்தை நிறுக்கத் தொடங்கினார்.