சீட்டு நுழையாத வண்டி

ஃபிடென்சியோவின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையை வாங்குவதைவிடப் பல்லைப் பிடுங்குவது சுலபம். எங்கள் ஊர் எஸ்பனோலாவில் இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்வோம். அவருக்கும் அதில் ஒரு பெருமை.

ஆனால் கைதேர்ந்த வேலைக்காரர், அதை மறுக்க முடியாது. பிக்கப் வண்டியின் முன்பக்கத்தை அறுத்து, சுருள் ஸ்பிரிங்கைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் காற்றுப் பையை உட்காரவைப்பதில் இந்தப் பள்ளத்தாக்கில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பொத்தானை அழுத்தினால் பை ஊதி வண்டி எழும்பும். காற்றை விட்டால் மாடு படுக்கிற மாதிரி தரையோடு படுத்துக்கொள்ளும்.

இப்படி வண்டியைத் தாழ்த்தி ஓட்டுகிறவர்களின் சங்கம் எங்களுடையது, அதில் சேர ஒரே ஒரு பரீட்சைதான். காற்றை இறக்கிய வண்டியின்முன் ஃபிடென்சியோ குப்புறப் படுத்து, சட்டைப் பையிலிருக்கும் இஸ்பேடு ராஜாவை சேஸிஸுக்கு அடியில் தள்ளிப் பார்ப்பார். சீட்டு நுழைந்துவிட்டால், பின் கண்ணாடியில் மாட்டுகிற சங்கத்துத் தகடு கிடையாது. சங்கத்து ஆள் பெனெரிட்டோ செத்தபோது அவனுடைய வண்டியையும் சவ ஊர்வலத்தில் கொண்டுவந்தார்கள். விதவைக்கு ஆறுதல் சொல்வதற்கு முன்னாலேயே குனிந்து சீட்டைத் தள்ளிப் பார்த்த மனிதர் இவர்.

அவருடைய தங்கை ஒர்லிண்டாவின் புருஷன் நெஸ்டோர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். சாதுவான ஆள். அவன் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அந்தத் தகடு ஒன்றுக்குத்தான். மூன்று தடவை வண்டியைக் கொண்டுவந்தான். மூன்று தடவையும் ராஜா சுலபமாக உள்ளே போய் வந்தார். கடைசித் தடவை சங்கத்து ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

“மாப்ள, இந்தச் சந்துல எங்க மாமியாரே நுழைஞ்சு வந்துருவா. அவ ஒடம்பு ஒனக்குத் தெரியும்ல?”

“இன்னும் எவ்வளவு வெட்டணும்னு சொல்லுங்க மச்சான், வெட்டிர்றேன்.”

“நீ பஸ்ஸ ஓட்டு. புள்ளைங்கள எறக்கி விடு. வண்டிய எறக்கறது ஆம்பளைங்க வேலை.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஒர்லிண்டா மட்டும் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் நெஸ்டோர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. குளிர்காலம் முழுக்கத் தன் முற்றத்திலேயே அறுத்தான், வெல்டிங் வைத்தான், பிரித்தான், மறுபடி வைத்தான். பெரிய வெள்ளியன்று ரிவர்சைடு ரோட்டில் எங்கள் வண்டிகள் வரிசையாக ஊர்ந்துபோகும். அன்றைக்கு நாலாம் தடவை கேட்பதென்று முடிவு.

குருத்தோலை ஞாயிறன்று ஃபிடென்சியோ தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனார். பழக்கதோஷம், நின்றிருந்த வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். பார்த்ததும் வயிறு எரிந்தது. வெல்டிங் அவ்வளவு சுத்தம். தன் கையால் செய்திருந்தாலும் இதைவிட நன்றாக வந்திருக்காது.

அப்போதுதான் அந்தப் பளபளப்பு கண்ணில் பட்டது. வலது பக்கப் பை ஊதும்போது சக்கரத்தைத் தாங்குகிற மேல் கம்பியின் விளிம்பில் உரசி, ரப்பர் தேய்ந்திருந்தது. பையைச் சுற்றி ஒரு விரல் இடமாவது விட வேண்டும் என்பது இந்த வேலையின் பாலபாடம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அரைமணி நேரம் தேய்த்தால் சரியாகிவிடும். ஆனால் ரிவர்சைடு ரோட்டில், அத்தனை பேர் நடுவில், பை வெடித்து நெஸ்டோர் மூஞ்சி தொங்கி நிற்பது அவர் மனக்கண்ணில் ஓடியது. இனித்தது.

“எப்படி மச்சான் இருக்கு?”

“வெள்ளிக்கெழம வா, பாக்கலாம்” என்றார். இரண்டு கிண்ணம் பனோச்சா, தவக்காலத்து இனிப்புக் களி, சாப்பிட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

பை வெள்ளிவரை பொறுக்கவில்லை. வியாழன் காலை எங்கேயோ காற்று கசிகிற சத்தம் கேட்டு, கசிவு எங்கே என்று பார்க்க நெஸ்டோர் சோப்புத் தண்ணீரோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். முட்டுக்கொடுக்க ஸ்டாண்டு வைக்கவில்லை. எங்களில் யாருமே வைப்பதில்லை. வண்டி நிற்பது வெறும் காற்றின்மேல் என்பதே மறந்துபோகிறது. பை வெடித்தபோது அவனுடைய வலது கை சேஸிஸுக்கு அடியில் இருந்தது. ஒர்லிண்டாவும் பக்கத்து வீட்டுக்காரனும் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி அவனை இழுத்தார்கள். ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒர்லிண்டா கேட்டாள். “அண்ணே, ஞாயித்துக்கெழம அடியில பாத்தியே. ஒண்ணும் தெரியலையா?”

“தெரிஞ்சா சொல்லாம இருப்பேனா?”

அவள் நம்பினாள். அவர் தோளில் சாய்ந்து அழுதாள்.

சனிக்கிழமை நெஸ்டோர் பேசுகிற நிலைக்கு வந்தான். கை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “மச்சான், வண்டி இப்ப முழுசாப் படுத்துதான கெடக்கு? ஒருக்கா சீட்டத் தள்ளிப் பாருங்க” என்றான்.

ஃபிடென்சியோ போனார். இன்னொரு பையிலும் மிச்சமிருந்த காற்றை இறக்கிவிட்டார். மண்ணில் படுத்து ராஜாவைத் தள்ளினார். நுழையவில்லை. இடது பக்கம் தள்ளினார், வலது பக்கம் தள்ளினார், வெறிபிடித்த மாதிரி நாலு பக்கமும் தள்ளினார். ராஜாவின் தலை மடங்கியதுதான் மிச்சம்.

மறுநாள் ஈஸ்டர். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நெஸ்டோர் கண்ணை அகல விரித்துக் காத்திருந்தான். பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன்கூட அப்படிப் பார்க்க மாட்டான்.

“சீட்டு உள்ள போயிருச்சு மாப்ள” என்றார் ஃபிடென்சியோ. “இடது பக்கம். ஒரு நூல்தான்.”

நெஸ்டோர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். “இன்னும் ஒரு நூல் வெட்டிருக்கணும்” என்று முனகினான்.

ஒர்லிண்டா கைப்பையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். ஆட்டின் ராணி. முனை கசங்கியிருந்தது.

“காலையில துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். நானும் தள்ளிப் பாத்தேன். நாலு பக்கமும் நுழையல. அவரு ஒன் வாயால கேட்டாத்தான் சந்தோஷப்படுவாருன்னு சொல்லாம இருந்தேன்.”

ஃபிடென்சியோவின் கை, தலை மடங்கிய ராஜா இருந்த சட்டைப் பையை மூடியது.

“போன ஞாயித்துக்கெழமயும் இப்படித்தான் பாத்தியா அண்ணே?”

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நெஸ்டோர் மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான்.