பாதி இலை

வாழை இலையின் வலது பாதி துடைத்துவிட்டாற்போல் காலி. இடது பாதியில் உப்பு, ஊறுகாய், பொரியல் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "உப்புகூட வெக்காம சோறு போடுறா பாரு" என்று என் மாமியார் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன மறு வருஷம் அது. பக்கவாதம் வந்து படுத்திருந்தவர், அப்போதுதான் எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆஸ்பத்திரி டாக்டர்தான் விளக்கினார். "கண்ணுல குறையில்லம்மா. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை மறந்துட்டுது. மருந்து கிடையாது. திரும்பித் தேடிப் பழகணும்." அரியாங்குப்பத்தில் இருந்த நாத்தனாருக்கு இது காதில் ஏறவில்லை. அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். தன் மகள் கல்யாணப் பந்தியில் அம்மா உட்கார்ந்தால் சம்பந்தி வீட்டார் சிரிப்பார்களாம். உள்ளறையில் வைத்துத் தனியாகச் சோறு கொடுத்துவிடலாமாம். பெற்ற தாயை ஒளித்துவைக்க ஒரு கல்யாணமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தியில்தான் உட்கார வைப்பேன் என்று அன்றே சொல்லிவிட்டேன்.

காலமான என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். பிள்ளைகளை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, "கோஷ்!" என்று அதட்டி இடது பக்கம் திருப்புவாராம். அந்த வார்த்தையை நான் எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டின் நடுவில் மாமியாரின் கை நின்றால், அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, "அத்தை, கோஷ்!" என்பேன். "எம் புருஷன் சொல்லியே நான் திரும்பினதில்ல, நீ யாருடி?" என்பார். ஆனால் என்னைத் திட்டுவதற்காகவாவது என் பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும்? திரும்பினால் உப்பு கண்ணில் படும். இப்போது இதற்கெல்லாம் முறையாகப் பயிற்சி தருகிறவர்கள் இருக்கிறார்களாம். அன்று எனக்குக் கிடைத்தது அவருடைய கோபம் ஒன்றுதான்.

கல்யாணத்தன்று கைத்தாங்கலாக அழைத்துப்போய் முதல் பந்தியிலேயே உட்கார வைத்தேன். நானும் பரிமாற வேண்டியிருந்தது. ரசவாளியோடு எதிர்வரிசையில் நின்றபோது, வலது பாதியை முடித்துவிட்டு அவர் கை நின்றதைப் பார்த்தேன். பந்தி இரைச்சலில் அங்கிருந்து குரல் கொடுத்தால் அவருக்குக் கேட்காது. அதற்குள் நாத்தனார் ஓடிவந்து, "அம்மா சாப்ட்டாச்சு" என்று இலையை மடிக்கக் குனிந்தார்.

மாமியார் எச்சில் கையால் இலையை அழுத்திப் பிடித்தார். மீதி இருந்தது அவர் கண்ணில் இன்னும் பட்டிருக்கவில்லை.

"கையை எடுடி. பாதி இலை இன்னும் அந்தப் பக்கம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, தலையைத் திருப்பித் தேட ஆரம்பித்தார்.