மனையில் கிடந்த திமிங்கலம்

எழுபதுகளின் தொடக்கத்தில், பெசன்ட் நகரில் மனை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மூன்று மாதம் நான் அடுத்தவர்களின் அஸ்திவாரக் குழிகளை எட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். வீடு மயிலாப்பூரில். ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை, அதுவும் தற்காலிகம். கடல் ஒரு காலத்தில் எதுவரைக்கும் உள்ளே வந்திருந்தது என்று எங்கள் துறைத் தலைவர் கட்டுரை எழுத ஆசைப்பட்டார். அதற்கு மண்ணுக்குள் புதைந்த பழைய சிப்பியும் கிளிஞ்சலும் வேண்டும். ஆசை அவருக்கு, வெயில் எனக்கு.

தினமும் வகுப்புக்கு முன்பே பஸ் பிடித்துப் போய் இறங்குவேன். புல்டோசர் மணல்மேடுகளை வழித்துச் சமப்படுத்திக்கொண்டிருக்கும். ஒரு மேடு காணாமல் போவதற்குள் நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவுமாக நான் ஓட வேண்டும். ஒரு நிமிஷம் நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் கேட்டு மூன்று முறை நடந்தேன். "அதெல்லாம் எதுக்கும்மா, சிரிச்ச முகமா கேட்டா விடுவாங்க" என்றார். சிரித்த முகமாகத்தான் போனேன். "இன்னாமா, கிளிஞ்ச பொறுக்கிக்கினு போய் சுண்ணாம்பு சுடப் போறியா?" என்று மேஸ்திரி தினமும் கேட்பார். முதல் வாரம் நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் சிரிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவரின் மனைக்குப் போனேன். மேலே இருந்த மணல் போய்விட்டதால் அஸ்திவாரக் குழி நேராக நீலக்கறுப்புக் களிமண்ணில் இறங்கியிருந்தது. அதில் முக்காலி அளவில் ஏழு எலும்புகள், ஒன்றை அடுத்து ஒன்றாக, வரிசை குலையாமல் கிடந்தன. மேலெல்லாம் சிப்பி ஒட்டி வளர்ந்திருந்தது. பக்கத்துக் குப்பத்திலிருந்து சித்தாள் வேலைக்கு வந்த பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"திமிங்கலம்மா இது. நான் சின்னப் பொண்ணா இருக்கசொல்ல எங்க கரையில ஒண்ணு ஒதுங்கிச்சி. முதுகெலும்பு இப்பிடித்தான் இருந்திச்சி" என்றாள்.

துறைத் தலைவரைவிட அவளுக்கு விஷயம் தெரியும் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்த எலும்புகள் அசைவதற்கு முன் ஆழம் அளந்து, படமும் எடுத்துவிட்டால் போதும். கடல் இங்கே இருந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அசைந்துவிட்டால் எங்கிருந்து எடுத்தாய் என்பார்கள். ஆழத்தையும் அகலத்தையும் அங்கேயே அளந்து எழுதி, வரைபடமும் போட்டுக்கொண்டேன். கேமரா கல்லூரி பீரோவில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைக்குச் சொந்தக்காரர் குடையுடன் வந்து சேர்ந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷர். குழிக்குள் என்ன என்று கேட்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

"ஐயா, இது ரொம்பப் பழைய எலும்பு. நாளைக்குக் காலைவரைக்கும் யாரும் தொடாம இருக்கணும்" என்றேன்.

அவர் முகம் மாறியது. ஆச்சரியம் என்று நினைத்துக்கொண்டேன். "நான் பாத்துக்கிடுதேன், டீச்சரம்மா" என்றார். அவர் சொன்ன சொல்லை நம்பிக் கிளம்பினேன்.

கல்லூரியில் துறைத் தலைவர் கேமராவுக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், கையெழுத்தும் போட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! ஸ்டோர் குமாஸ்தா பீரோ சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பூட்டை உடையுங்கள் என்று நான் கத்தியதை மற்ற டெமான்ஸ்ட்ரேட்டர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஆயிரக்கணக்கான வருஷமா கிடந்தது, ஒரு ராத்திரி கிடக்காதா?" என்றார் தலைவர்.

கிடக்கவில்லை. மறுநாள் ஒன்பதரை மணிக்குக் கேமராவோடு போய் நின்றபோது குழி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. களிமண்ணை ஓர் அடிக்கு வழித்தெடுத்துவிட்டு ஆற்று மணல் நிரப்பி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்திருந்தார்கள். ஹோமப் புகை இன்னும் அடங்கவில்லை.

மனையில் எலும்பு இருந்தால் சல்லிய தோஷம், குடியேறுகிறவர்களுக்கு ஆகாது. அதை எடுத்து அப்புறப்படுத்தாமல் அஸ்திவாரம் போட மாட்டார்கள். எனக்கு இது தெரியாதா? எங்கள் வீடு கட்டும்போது ஜோசியரைக் கூட்டி வந்து மனையைச் சோதித்தவர்தான் என் அப்பா. அந்தக் குழிக்குள் நின்றபோது மட்டும் மறந்து தொலைந்தது.

"விடியசொல்ல எங்க ஊட்டுக்காரரு கட்டுமரத்துல இட்டுக்கினு போயி நடுக்கடல்ல போட்டுட்டாரும்மா. நாலு நடை" என்றாள் சித்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஜவுளிக்கடைக்காரர் இலையில் சர்க்கரைப் பொங்கலோடு வந்து என்னைக் கும்பிட்டார். "நல்ல நேரத்துல தெய்வமா வந்து சொன்னீக. இல்லன்னா அது மேலயே பிள்ளை குட்டியோட குடியிருந்திருப்போம்!" வாங்கிய பொங்கலை நான் வாயில் வைக்கவில்லை. அந்த மனிதரைத் திட்ட ஒரு வார்த்தை கிடைக்காமல் எனக்கு அழுகையாக வந்தது.

நேராகத் துறைத் தலைவரிடம் போய் நோட்டை விரித்தேன். ஆழம், அகலம், ஏழு எலும்பு, வரைபடம் எல்லாம் அதில் இருந்தது. புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

"எலும்பு இல்லை, போட்டோவும் இல்லை. சித்தாள் சொன்னாள்னு கட்டுரையில போடட்டுமா?"

"நான் பார்த்தேன், சார்."

"உன் வேலையை நிரந்தரம் பண்ற ஃபைல் அடுத்த மாசம் என் மேஜைக்கு வருது. கிளிஞ்சலோட நிறுத்திக்கோ."

அறிக்கையை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "இம்மனையில் கிளிஞ்சல்கள் தவிர வேறெதுவும் காணப்படவில்லை." பார்வையிட்டவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.