மிதக்காத கல்

என் தங்கை புருஷனைப் போல ஒரு வெட்டிப் பந்தாவை நான் கண்டதில்லை. கல்லூரியில் கற்கள் வைத்திருக்கும் அறையைத் துடைக்கிற தற்காலிக வேலை. வெளியே சொல்லிக்கொள்வது, "மியூசியத்தைப் பார்த்துக்கிறேன்." நாங்கள் வைத்த பேர் டைரக்டர். அது கேலி என்று அவருக்கு இன்றுவரை உறைக்கவில்லை.

அந்த அறையின் கண்ணாடி அலமாரியைச் செய்த தச்சன் நான். அளவு சொன்ன பேராசிரியை அம்மா, எதற்கு இரண்டு தட்டு என்பதையும் சொன்னார். பூமிக்குள்ளே பாறை உருகிக் குழம்பாகக் கிடக்குமாம். உள்ளேயே நிதானமாக ஆறினால் பருக்கை பருக்கையாகக் கண்ணுக்குத் தெரியும், அது கீழ்த்தட்டு. எரிமலை வழியாக வெளியே கொட்டிச் சட்டென்று ஆறினால் பருக்கை தெரியாது, அது மேல்தட்டு. வெளுத்தது இடப்பக்கம், கறுத்தது வலப்பக்கம். கீழே கிரானைட் என்றால் அதற்கு நேர் மேலே ரயோலைட். இரண்டும் ஒரே வகைக் குழம்புதான். அதே மாதிரி கீழே காப்ரோ, மேலே பசால்ட். படுவேகமாக ஆறினால் கண்ணாடி போல அப்சிடியன். நுரையோடு உறைந்தால் பியூமிஸ், தண்ணீரில் மிதக்கும். என் மரமண்டைக்கே இவ்வளவு ஏறியது. டைரக்டர் வருஷக்கணக்கில் அந்த அறையில் குறட்டை விட்டதுதான் மிச்சம்.

மேலிடத்து அதிகாரி பார்வையிட வருகிறார், அவர் திருப்திப்பட்டால் வேலை நிரந்தரம் என்று சேதி வந்தது. தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. டைரக்டரோ கற்களை எல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். பேர்ச்சீட்டுகள் மொத்தமும் கழன்றுவிட்டன.

அதிகாரி வரும் நாள் காலை அலமாரிக் கீலைச் சரிசெய்யப் போனால், கற்கள் எல்லாம் தட்டு மாறி, பேர் மாறி நின்றன.

"என்ன மாப்ள, எதை வச்சுப் பேர் ஒட்டினீங்க?"

"அதுக்கு மூளை வேணும் மச்சான். பெரிய கல்லுக்கு நீளமான பேரு, சின்னதுக்குச் சின்னப் பேரு. படிக்கட்டு மாதிரி எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்க! சீட்டு ரெண்டு மிஞ்சிச்சு, கிழிச்சுட்டேன்."

"அந்தக் கறுப்புக் கண்ணாடி எங்க?"

"எவனோ உடைஞ்ச பாட்டிலை வச்சிருந்தான். குப்பைக்குப் போயிடுச்சு."

"பேராசிரியை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்க மாப்ள, இன்னும் நேரமிருக்கு."

"நீங்க ஆணியைப் பாருங்க மச்சான்."

தங்கை முகத்துக்காக நானே அம்மாவைத் தேடி ஓடினேன். அவர் வாசலில் அதிகாரிக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அதிகாரியும் ஒரு அரைகுறை. கல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, ஒரு கல் மிதக்கும் என்பது மட்டும். 'பியூமிஸ்' என்ற சீட்டைப் படித்ததும் குஷியாகி, மேசை மேல் தண்ணீரோடு இருந்த கண்ணாடி ஜாடிக்குள் அந்தக் கல்லைப் போட்டார். அது பசால்ட். ஜாடியின் அடி பெயர்ந்து, தண்ணீர் முழுக்க அவர் கால்சட்டையில்.

"இது மிதக்கணுமே?"

"பழைய கல்லு சார், தண்ணிய நிறையக் குடிச்சிருச்சு," என்றார் டைரக்டர், கொஞ்சமும் அசராமல்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நிரந்தரம் அங்கேயே போனது; தற்காலிகமும் அந்த மாதத்தோடு போனது.

தங்கையைப் பார்க்கப் போனேன். குழாயடியில் உட்கார்ந்து, ஓட்டை ஓட்டையான ஒரு சாம்பல் நிறக் கல்லால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஏதும்மா?"

"அவர் கொண்டாந்தாருண்ணே. தெர்மாகோல் மாதிரி லேசா இருக்கு, போலிக் கல்லுன்னு தூக்கிப் போட இருந்தாராம்."

உள்ளே டைரக்டர், அதிகாரிக்குக் கல்லைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தங்கை கல்லை வாளியில் போட்டாள். ஜம்மென்று மிதந்தது.

அதை எடுத்துத் துடைத்து அவள் கையிலேயே கொடுத்தேன். இந்த ஆளைக் கட்டிக்கொண்டவளுக்குக் குதிகாலாவது உருப்படட்டும்.