மாதுளையை மிரட்டிய காலை

விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கும் மில்லில் நான் எடை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கலியாணமாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. இரண்டு முறை என் மனைவிக்கு நாள் தள்ளிப்போய், மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இரண்டாவது முறைக்குப் பிறகு அவள் கோயிலுக்கு வருவதைக்கூடக் குறைத்துக்கொண்டாள். "கேட்டதையே கேட்டுக்கினு எத்தன தரம் போய் நிக்கறது?" என்பாள்.

வீட்டின் பின்னால் கிணற்றடியில் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. விக்கிரவாண்டிச் சந்தையில் ஒருவர் ஈரச் சாக்கில் மாதுளைக் கன்றுகளைப் பரப்பி வைத்திருந்தார். எல்லாம் வெறும் குச்சி. ஒன்றில் மட்டும் ஒரு பூ இருந்தது. அடுக்கடுக்காக இதழ் வைத்து, நல்ல நெருப்பு நிறம். அவர் வேறு கன்றைத்தான் எடுத்துக் கொடுத்தார். குச்சியிலேயே இப்படிப் பூக்கிறது என்றால் மரமானால் எப்படிக் காய்க்கும் என்று கணக்குப் போட்டு, எனக்கு இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கி வந்தேன்.

நட்ட அன்றைக்கே குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, முதல் பழம் உனக்கு என்று மயிலம் முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். என் மனைவிக்கும் ஒரு வழி காட்டு என்பதையும் கூடவே வேண்டிக்கொண்டேன். அவளிடம் பழத்தைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். மீதியை அவளே தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது. விடிந்ததும் வாசல் தெளிப்பதற்கு முன்னால் மாதுளையைத்தான் போய்ப் பார்ப்பாள்.

இரண்டாம் வருஷம் மரம் கொள்ளாமல் பூத்தது. ஒவ்வொரு பூவுக்கும் அடியில் பிஞ்சு திரள்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பாள். ஒன்றும் திரளவில்லை. எல்லாம் கொட்டின. நான் பார்க்கக் கூடாதென்று அவற்றைக் கூட்டி அள்ளி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மறைவாகப் போடுவாள். மூன்றாம் வருஷமும் அதே கதைதான்.

அப்போதுதான் முகையூரிலிருந்து என் அக்கா வந்தாள். மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன்டா தம்பி, இந்த ஊட்ல எதுவுமே நிக்காதா?"

என் மனைவி கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். கயிறு ஒரு நிமிஷம் நின்று, மறுபடியும் ஓடியது.

காய்க்காத மரத்துக்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. கிழிந்த செருப்பையும் தேய்ந்த துடைப்பத்தையும் மரத்தில் கட்ட வேண்டும். பிறகு ஒருவர் அரிவாளை ஓங்கிக்கொண்டு வெட்டப் போக, இன்னொருவர் கையைப் பிடித்துத் தடுத்து மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். மூன்று தரம் கெஞ்சினால் மரம் மானப்பட்டுக் காய்த்துவிடும் என்பார்கள். அக்கா அதைச் செய்யச் சொன்னாள்.

"சாமிக்கு நேந்து உட்ட மரங்க்கா. அதுல போய் செருப்பக் கட்டறதா?"

"சாமிக்கு அது இன்னும் ஒன்னும் குடுக்கலியே. குடுத்தப்புறம் அவுத்துக்கோ."

எனக்கு மனசே இல்லை. ஆனாலும் கட்டினேன். மறுநாள் காலை அரிவாளோடு போய் நின்றேன். தடுப்பதற்கு அக்கா வருவாள் என்று நினைத்தால், "நீ போம்மா. ஊட்டுப் பொம்பளதான் சொல்லணும்" என்று என் மனைவியை அனுப்பிவிட்டாள்.

"காய்க்காத மரம் எதுக்கு? வெட்டிப் போடறேன்" என்று ஓங்கினேன்.

அவள் ஈரக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வெட்டாதீங்க. வர்ற வருஷம் காய்க்கும்."

மறுபடியும் ஓங்கினேன். அவள் குரல் இறங்கிவிட்டது. "வெட்டாதீங்க. வர்ற வருஷம் காய்க்கும்."

மூன்றாம் தரம் அவள் மரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "வெட்டாதீங்க. இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கங்க."

அப்படி ஒரு வார்த்தை அந்தச் சடங்கில் கிடையாது. நான் அரிவாளைக் கீழே வைத்துவிட்டேன். நாங்கள் என்ன காரியம் செய்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா, "நல்லா சொன்ன" என்று கூழ் குடிக்க உள்ளே போனாள்.

அடுத்த வருஷமும் பூதான். அந்த மரம் வீட்டுக்கு ஆகாது, வெட்டிவிடு என்று அக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். இந்தத் தடவை என் மனைவியே, "வெட்டிடுங்க, அதப் பாக்கப் பாக்க எனக்கு என்னமோ பண்ணுது" என்றாள். ஊருக்குப் போய் வந்ததும் வெட்டுகிறேன் என்றேன்.

ஊர் என்றால் திண்டிவனம், அவள் பிறந்த வீடு. அவள் தம்பி குழந்தைக்குக் காது குத்து. அந்தத் தெருவில் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு டீச்சரம்மா வீட்டு மதிலுக்கு மேலே அதே நெருப்பு நிறப் பூக்கள். என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். டீச்சரம்மா செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இது காய்க்குதுங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

"இது எங்க காய்க்கும்? பூ மாதுளை. அழகுக்கு வெக்கறது. காய்க்கிறது அதோ அந்த மூலையில இருக்குது பாரு, அதுக்குப் பூ ஒத்தையாத்தான் இருக்கும்."

"அப்ப இதுமேல ஒன்னும் குத்தம் இல்லிங்களா?"

"குத்தமா? மல்லி காய்க்கலன்னு யாராச்சும் கேக்கறாங்களா?"

என் மனைவி எட்டி ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நாங்க செருப்பு கட்டிட்டோங்க" என்றாள். "அரிவாள எடுத்துக்கினு மெரட்டுனோம்."

டீச்சரம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள், அழுது முடிக்காமலே மறுபடியும் சிரித்தாள். "பாவங்க அது, என்னா நெனச்சிருக்கும்?" என்று என்னிடம் கேட்டாள். நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது பஸ் மயிலம் பிரிகிற கூட்டேரிப்பட்டில் நின்றது. "எறங்கிடலாங்க. சாமிகிட்ட சொல்லிட்டுப் போயிடலாம்" என்றாள். கோயிலுக்குப் போகலாம் என்று அவளாகச் சொல்லி எத்தனையோ நாளாகியிருந்தது. மயிலத்துக்கு நடந்தே போனோம். கையில் தேங்காய்கூட இல்லை. நேர்ந்துகொண்டதையும் செருப்புக் கட்டியதையும் ஒன்று விடாமல் அர்ச்சகரிடம் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "செருப்ப அவுத்தாச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"மொதல்ல போய் அத அவுத்துடு. பழமே இல்லாத மரத்துல பழம் குடுன்னு சாமி வந்து சண்டையா போடப் போறாரு? இருக்கிற பூவக் கொண்டாந்து சாத்து."

இருவர் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டார். கால் வலிக்க வலிக்க மலை இறங்கி வந்தோம். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். வீடு வந்ததும் முதல் வேலையாகச் செருப்பையும் துடைப்பத்தையும் அவிழ்த்தோம்.

பிறகு எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். மரத்தை வெட்டாமல் விட்ட புண்ணியம் என்று சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். அது அப்படியில்லை. பிள்ளை வந்தது அதற்கு ஐந்து வருஷம் கழித்து. முருகன் கொடுத்தான், அவ்வளவுதான். அந்த ஐந்து வருஷமும் என் மனைவி தலை நிமிர்ந்து நடமாடினாள். அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

நாங்கள் திண்டிவனம் போய் வந்து ஒரு மாதம் இருக்கும், அக்கா வந்தாள். "இன்னும் வெட்டலியா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"அது காய்க்கிற சாதி இல்ல அண்ணி. பூக்கிற சாதி. இனிமே அத யாரும் ஒன்னும் சொல்லக் கூடாது."

அக்காவிடம் அவள் அப்படி நிமிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை. மரத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் கிளம்பும்போது, "பூ என்னமோ நல்லாத்தான் இருக்குது. ஒரு குச்சி ஒடிச்சிக் குடேன்" என்றாள்.

என் மனைவி நல்ல கிளையாகப் பார்த்து வெட்டி, ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "காய்க்கலன்னு அங்க போய் செருப்பு கட்டிடாதீங்க அண்ணி."

"போடி" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.